துருக்கிய நாட்டுப்புறப் பாடல்களில் காதலும் துயரமும்

துருக்கியில் திருமண விழாக்களில் தவறாமல் ஒலிக்கும் பாடல்களில் ஒன்று "ஹே ஓன்பெஷ்லி". வடக்கு அனடோலியாவில் உள்ள தோகாத் நகரத்துப் பாடல் இது. மெட்டு துள்ளலானது. பாட்டு ஆரம்பித்ததும் பெரியவர், சிறியவர் என்ற வேறுபாடின்றி எல்லோரும் கைகோர்த்து ஆடத் தொடங்கிவிடுவார்கள்.

ஆனால் தலைப்பின் பொருள் தெரிந்தால் ஆடும் கால்கள் கொஞ்சம் தயங்கும். "ஓன்பெஷ்லி" என்றால் "பதினைந்தைச் சேர்ந்தவன்" என்று பொருள். ஒட்டோமான் அரசு பயன்படுத்திய ரூமி நாட்காட்டியில் 1315ஆம் ஆண்டில் பிறந்தவர்களை இது குறிக்கும். நமது கணக்கில் 1899-1900. முதல் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டபோது, மீசைகூட முளைக்காத இந்தப் பையன்களையும் ராணுவத்துக்கு அழைத்துக்கொண்டார்கள். அப்படிப் புறப்பட்டுப் போகும் ஒருவனையும் அவனை வழியனுப்பும் பெண்ணையும் பற்றியதுதான் அந்தப் பாடல். இன்று கல்யாணப் பாட்டாக ஒலிப்பது, அன்று நடக்காமல் போன ஒரு கல்யாணத்தின் பாட்டு.

துருக்கிய நாட்டுப்புறப் பாடல்களைப் புரிந்துகொள்ள இந்த ஒரு பாடலே நல்ல வாசல். அங்கே காதல் பாட்டு தனியாகவும் துயரப் பாட்டு தனியாகவும் இருப்பது அபூர்வம். காதலர்களைப் பிரிப்பது பெரும்பாலும் விதியோ வில்லனோ அல்ல. போர், வறுமை, அரசாணை, மதம், தொழிற்சாலை வேலை என்று பெயர் சொல்லக்கூடிய ஏதோ ஒன்றுதான் பிரிக்கிறது. காதலர்களை எந்தக் காலத்தில் எது பிரித்தது என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால், எழுத்தறியாத அனடோலிய மக்களின் வரலாறு கையில் கிடைத்துவிடும்.

துர்க்கூ என்றால் என்ன?

நாட்டுப்புறப் பாடலைத் துருக்கியர்கள் "துர்க்கூ" என்கிறார்கள். "துருக்கியருக்கு உரியது" என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. இஸ்தான்புல் அரண்மனையைச் சுற்றி வளர்ந்த செவ்வியல் கவிதையில் அரபு, பாரசீகச் சொற்கள் நிறைந்திருந்தன. அதன் யாப்பும் அரபு வழி வந்ததே. கிராமத்து மக்களுக்கு அது புரியாது. துர்க்கூவோ பேச்சுத் துருக்கியில் அமைந்தது. அசைகளை எண்ணிப் பாடுவது அதன் யாப்பு. வரிக்கு 7, 8 அல்லது 11 அசைகள் வரும். இவற்றில் மிகச் சிறிய வடிவம் "மானி". 7 அசை கொண்ட நான்கே வரிகளில் முடிந்துவிடும். பெரும்பாலும் முதல் இரண்டு வரிகளில் மலை, மரம், ஆறு என்று ஏதாவது ஒரு காட்சி வரும். சொல்ல வந்த சங்கதி கடைசி இரண்டு வரிகளில் வெளிப்படும்.

இசையைப் பொறுத்தவரை இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. தாளக்கட்டோடு பாடுவது "கிரிக் ஹவா". தாளக்கட்டு இல்லாமல் குரலை நீட்டி இழுத்துப் பாடுவது "உசுன் ஹவா", அதாவது "நீண்ட ராகம்". மத்திய அனடோலியாவின் "போஸ்லாக்" இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. உச்சத்தில் ஓலம் போலத் தொடங்கிப் படிப்படியாகக் கீழே இறங்கும். இறந்தவர்களுக்காகப் பெண்கள் பாடும் ஒப்பாரிக்கு "ஆயித்" என்று பெயர்.

பக்கவாத்தியம் "சாஸ்" அல்லது "பாலமா" என்னும் நீண்ட கழுத்துள்ள தந்தி வாத்தியம். அதன் குடம் பெரும்பாலும் முசுக்கொட்டை மரத்தில் செய்யப்படும். இந்த வாத்தியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பாடியவர்கள் "ஆஷிக்" எனப்பட்டார்கள். இந்தித் திரைப்படப் பாடல்களில் அடிக்கடி கேட்கும் அதே "ஆஷிக்" தான். அரபு மொழியில் காதலன் என்று பொருள். பாடகன் என்பதற்கு அனடோலியர்கள் வைத்த பெயரே காதலன் என்பது கவனிக்கத்தக்கது. ஆஷிக் தன் பாடலின் கடைசிக் கண்ணியில் தன் பெயரை வைத்துப் பாடுவார். ஏடும் எழுத்தும் இல்லாத உலகில் அதுதான் அவர் கையெழுத்து.

குர்பெத்: ஊரை விட்டுப் போதல்

துர்க்கூக்களில் திரும்பத் திரும்ப வரும் சொல் ஒன்று உண்டு. அது "குர்பெத்". சொந்த ஊரை விட்டு அந்நிய மண்ணில் வாழும் நிலையை இது குறிக்கும். அப்படி வாழ்பவன் "கரிப்". இரண்டுமே ஒரே அரபு வேரிலிருந்து வந்தவை. 1971 தேர்தலில் இந்திரா காந்தி முழங்கிய "கரீபி ஹட்டாவோ" என்பதில் உள்ள "கரீப்" என்ற சொல்லும் இதுவே. அரபியில் அந்நியன் என்று பொருள்பட்ட சொல் இந்தியில் ஏழை என்றாகிவிட்டது. துருக்கியில் ஆதரவற்றவன், பரிதாபத்துக்குரியவன் என்ற சாயலோடு நிற்கிறது. ஊர் இல்லாதவனும் பொருள் இல்லாதவனும் ஒன்று என்று மக்களுக்குத் தோன்றியிருக்கிறது.

ஆஷிக்குகள் இரவு முழுக்கச் சொல்லும் கதைப்பாடல்களில் புகழ்பெற்றது "ஆஷிக் கரிப்". ஏழைப் பாடகன் ஒருவனும் பணக்கார வீட்டுப் பெண் ஷாசெனெமும் காதலிக்கிறார்கள். பெண்ணின் தந்தை கேட்கும் பணம் அவனிடம் இல்லை. மணமகன் வீட்டார் பெண் வீட்டாருக்குத் தரும் இந்தப் பணத்துக்கு "பாஷ்லிக்" என்று பெயர். பொருள் தேடி அவன் ஊரை விட்டுப் போகிறான். ஏழு ஆண்டுகள் கழிகின்றன. அவன் இறந்துவிட்டதாகச் செய்தி பரப்பப்படுகிறது. அழுது அழுது தாய்க்குப் பார்வை போய்விடுகிறது. ஷாசெனெமுக்கு வேறொருவனுடன் கல்யாணம் நடக்கவிருக்கும் நாளில் அவன் வந்து சேர்கிறான். கிஸிர் என்னும் அழியாப் புனிதரின் குதிரைக் குளம்படி மண்ணைத் தடவ, தாய்க்குக் கண் திறக்கிறது. ரஷ்யக் கவிஞர் லெர்மந்தவ் இந்தக் கதையை 1837இல் எழுதி வைத்தார். இயக்குநர் பராஜனவ் 1988இல் இதைத் திரைப்படமாக எடுத்தார்.

கதையில் தெய்வ அருளும் அற்புதமும் இருக்கலாம். ஆனால் கதையைத் தொடங்கி வைப்பது ஒரு தொகை. பாஷ்லிக் கட்ட முடியாமல் வெளியூர் போன ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு இந்தக் கதை நன்றாகவே புரிந்திருக்கும். அவர்களுக்காகக் கிஸிர் வரவில்லை என்பதுதான் வித்தியாசம்.

குர்பெத் ஆண்களுக்கு மட்டும் உரியதல்ல. கல்யாணத்துக்கு முந்தைய இரவு மணப்பெண்ணின் கைகளில் மருதாணி வைப்பார்கள். அந்த இரவில் பாடப்படும் பாடல்கள் பெண்ணை அழவைப்பதற்காகவே பாடப்படுபவை. அவற்றில் எங்கும் தெரிந்தது "யுக்செக் யுக்செக் தெபெலேரே". மலைகளுக்கு அப்பால் தூர ஊருக்குக் கட்டிக்கொடுக்கப்பட்ட ஒரு பெண், தாயையும் தந்தையையும் ஊரையும் நினைத்து ஏங்கும் பாட்டு இது. ஏழு ஆண்டுகள் தாய் வீட்டுக்கு அனுப்பப்படாத ஒரு பெண் பாடியது என்று மர்மரா கடலுக்கு வடக்கே உள்ள திரேஸ் பகுதியில் கதை சொல்வார்கள். பெண்ணைப் பொறுத்தவரை கல்யாணமே குர்பெத் என்கிறது இந்தப் பாட்டு. இன்றும் நகரத்து அரங்குகளில் நடக்கும் மருதாணி இரவுகளில் இதைப் பாடித்தான் பெண்ணை அழவைக்கிறார்கள்.

மலையிலிருந்து இறக்கப்பட்டவர்கள்

17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவராகக் கருதப்படும் கராஜாஓலான் துருக்கியக் காதல் பாட்டின் முதன்மையான பெயர். தெற்கே தாரஸ் மலைத்தொடரில் ஆடுகளோடும் கூடாரங்களோடும் திரிந்த துர்க்மேன் நாடோடி மக்களிடையே வாழ்ந்தவர். அரண்மனைக் கவிஞர்கள் காதலியை எட்டாத நிலவாகப் பாடிக்கொண்டிருந்தபோது, இவர் தண்ணீர் எடுக்கப் போகும் பெண்ணையும், தயிர் கடையும் பெண்ணையும் பெயர் சொல்லிப் பாடினார். இவருடைய பாடல்களில் வரும் பிரிவு பெரும்பாலும் பருவ காலத்தால் வரும் பிரிவு. கோடையில் கூட்டம் மேய்ச்சலுக்காக மேட்டு நிலத்துக்கு ஏறும். குளிர்காலத்தில் சமவெளிக்கு இறங்கும். இன்னொரு கூட்டத்துப் பெண்ணைக் காதலித்தவன் அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டியதுதான். பனி மூடிய மலை வழி விடாது. கொக்கு இனத்துப் பறவையான "துர்னா" மட்டும் மலையைத் தாண்டிப் பறக்கும். அதனால்தான் தூது போகும் பறவையாக அது எல்லாப் பாடல்களிலும் வருகிறது.

19ஆம் நூற்றாண்டில் இந்த வாழ்க்கை முடிவுக்கு வந்தது. வரி வசூலிக்கவும், ராணுவத்துக்கு ஆள் எடுக்கவும், நிலத்தில் பருத்தி விளைவிக்கவும் நாடோடிகளை ஓரிடத்தில் தங்கவைக்க ஒட்டோமான் அரசு விரும்பியது. 1865இல் தெர்விஷ் பாஷாவின் தலைமையில் ஒரு சிறப்புப் படை தெற்கே அனுப்பப்பட்டது. வரலாற்றாசிரியரும் சட்ட அறிஞருமான அஹ்மெத் ஜெவ்தெத் பாஷாவும் உடன் சென்றார். மலை மக்கள் சமவெளிகளில் குடியமர்த்தப்பட்டார்கள். கோடையில் மேட்டு நிலத்துக்கு ஏறுவது தடுக்கப்பட்டது. சுகுரோவா சமவெளியின் கோடை என்பது கடும் வெப்பமும் சதுப்பு நிலக் கொசுக்களும் சேர்ந்தது. மலேரியாவில் ஏராளமானோர் இறந்தார்கள்.

இதை எதிர்த்துப் பாடியவர் தாதாலோலு. அவ்ஷார் இனக்குழுவைச் சேர்ந்தவர். சுல்தானின் ஆணைக்கு எதிராக மலைகளைத் தங்கள் சொத்தாக நிறுத்தும் அவரது பாடல் இன்றும் துருக்கியில் எதிர்ப்பின் அடையாளமாகப் பாடப்படுகிறது. கராஜாஓலான் பாடிய அதே மலைகள், அதே மேய்ச்சல் பாதைகள்தான் இவர் பாடல்களிலும் வருகின்றன. இருவரையும் அடுத்தடுத்துப் படிப்பவர்களுக்கு ஒன்று விளங்கும். முன்னவரிடம் காதலியைச் சந்திக்கும் இடமாக இருந்த மலை, பின்னவரிடம் பறிபோன நாடாக மாறியிருக்கிறது.

பிற்காலத்தில் இதே சுகுரோவாவிலிருந்து வந்தவர்தான் நாவலாசிரியர் யாஷார் கெமால் (1923-2015). அவர் இளைஞராக இருந்தபோது கிராமம் கிராமமாகச் சென்று பெண்களின் ஒப்பாரிகளை எழுதி எடுத்தார். 1943இல் வெளியான அவரது முதல் புத்தகம் ஒரு நாவலோ சிறுகதைத் தொகுப்போ அல்ல. "ஒப்பாரிகள்" என்ற தலைப்பிலான அந்தத் தொகுப்புதான்.

போர் தின்ற தலைமுறைகள்

ஒட்டோமான் பேரரசின் கடைசி ஆண்டுகள் இடைவிடாத போர் ஆண்டுகள். அந்தக் காலத்துப் பாடல்களில் மூன்று பெயர்கள் ரணமாக நிற்கின்றன.

முதலாவது யெமன். அங்கு நடந்த கிளர்ச்சிகளை அடக்க அனடோலியாவிலிருந்து படை படையாக ஆட்கள் அனுப்பப்பட்டார்கள். பலரைக் கொன்றது வெயிலும் நோயும். "யெமன் பாட்டு" எனப்படும் துர்க்கூ, போனவன் ஏன் திரும்புவதில்லை என்று கேட்கும் ஒரு புலம்பல். அதில் வரும் ஓர் ஊர்ப் பெயர் கிழக்குத் துருக்கியில் உள்ள முஷ் நகரமா, யெமனில் உள்ள ஹூஷ் என்ற இடமா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. பாட்டின் பொருளைப் பார்த்தால் இரண்டுமே பொருந்தும். ஆட்களைப் பிடித்துக்கொண்டு போன ஊர் ஒன்று, அவர்கள் புதைந்த ஊர் மற்றொன்று.

இரண்டாவது சாரிகாமிஷ். 1914 டிசம்பர் இறுதியில் ரஷ்யப் படைகளுக்கு எதிராக என்வெர் பாஷா நடத்திய மலைப்போர் இது. போதிய குளிர் உடையும் உணவும் இல்லாமல் பனிமலையில் ஏற்றப்பட்ட பல்லாயிரம் வீரர்கள் உறைந்தும் நோயுற்றும் இறந்தார்கள்.

மூன்றாவது சனாக்காலே, அதாவது 1915இன் கலிபொலி போர்க்களம். ஒட்டோமான் தரப்புக்கு இது வெற்றி. பாடப்புத்தகங்களில் பெருமையோடு இடம்பெறும் போர். ஆனால் "சனாக்காலே பாட்டு" வெற்றிப் பாட்டு அல்ல. தாயிடம் விடைபெற்று, கைநழுவிப் போன இளமையை நினைத்து ஏங்கும் ஒரு வீரனின் குரல் அது. கொடியும் தளபதியும் முன்னால் நிற்கும் பாட்டாக மக்கள் அதைக் கட்டவில்லை. அரசு வெற்றி என்று எழுதியதை, மக்கள் இழப்பு என்று பாடிவைத்தார்கள். இரண்டும் உண்மைதான். நாட்டின் விழா நாட்களில் அரசே இந்தப் பாட்டை இசைப்பதும் உண்மை.

கல்லும் ரோஜாவும்

துர்க்கூ மரபில் காதலுக்கு இன்னொரு முகமும் உண்டு. அது அலெவி மக்களின் காதல். அலெவிகள் நபிகளின் மருமகன் அலீயைப் போற்றும் சிறுபான்மைச் சமூகத்தினர். அவர்கள் வழிபாடு "ஜெம்" எனப்படும். ஆணும் பெண்ணும் ஒன்றாக அமர்ந்து, சாஸ் இசையோடு நடத்துவது. அதனால் சாஸை "தந்தி கட்டிய குர்ஆன்" என்றே அழைப்பார்கள். அவர்கள் பாடல்களில் "நண்பன்", "காதலி" என்று வருவது மனிதராகவும் இருக்கலாம், குருவாகவும் இருக்கலாம், இறைவனாகவும் இருக்கலாம்.

ஒட்டோமான் பேரரசுக்கும் ஈரானின் சபாவிகளுக்கும் பகை முற்றிய 16ஆம் நூற்றாண்டில், அலெவிகள் எதிரியின் ஆட்களாகப் பார்க்கப்பட்டார்கள். சிவாஸ் பகுதியில் உள்ள பனாஸ் கிராமத்தைச் சேர்ந்த பீர் சுல்தான் அப்தால், அரசை எதிர்த்துப் பாடியதற்காக ஆளுநர் கிஸிர் பாஷாவால் தூக்கிலிடப்பட்டார் என்பது மரபு. அந்த ஆளுநர் ஒரு காலத்தில் பீர் சுல்தானிடமே சீடராக இருந்தவர் என்றும் சொல்வார்கள்.

அவர் தூக்குமரத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது மக்கள் அவர்மேல் கல்லெறிய வேண்டும் என்று ஆணை. எல்லோரும் எறிந்தார்கள். அவருடைய நெருங்கிய நண்பருக்கு மனம் வரவில்லை, எறியாமல் இருக்கவும் பயம். கல்லுக்குப் பதிலாக ஒரு ரோஜாவை எறிந்தார். கற்களைத் தாங்கிய பீர் சுல்தானுக்கு அந்த ரோஜா பட்ட இடம்தான் வலித்தது என்கிறது கதை. அன்பு வைத்தவர் பயந்து ஒதுங்குவதைவிடப் பெரிய காயம் இல்லை என்பதை இதைவிட எளிமையாகச் சொல்ல முடியாது.

இந்தக் கதை பழங்கதையாக மட்டும் முடிந்துவிடவில்லை. 1993 ஜூலை 2 அன்று அதே சிவாஸ் நகரில், பீர் சுல்தான் அப்தால் பெயரில் நடந்த விழாவுக்கு வந்திருந்த கலைஞர்கள் மதிமாக் விடுதியில் தங்கியிருந்தார்கள். எழுத்தாளர் அஸீஸ் நெசின் வந்திருப்பதை எதிர்த்துத் திரண்ட மதவெறிக் கும்பல் அந்த விடுதிக்குத் தீ வைத்தது. விழாவுக்கு வந்தவர்களில் 33 பேரும் விடுதி ஊழியர்கள் 2 பேரும் இறந்தார்கள். இறந்தவர்களில் முஹ்லிஸ் அகார்சு, நெசிமி சிமென், 22 வயதே ஆன ஹஸ்ரெத் குல்தெகின் ஆகியோர் சாஸ் வாசித்துப் பாடிய கலைஞர்கள். துர்க்கூ பாடுவதற்காக உயிர் கொடுப்பது 16ஆம் நூற்றாண்டோடு முடிந்த விஷயம் அல்ல.

ஆஷிக் வெய்செல்

ஒரே மனிதரின் வாழ்க்கையில் காதலும் துயரமும் எப்படிப் பாடலாயின என்று அறிய ஆஷிக் வெய்செல் (1894-1973) போதும். இவரும் சிவாஸ் பகுதிக்காரர்தான். ஊர் சிவ்ரியாலான். ஏழு வயதில் பெரியம்மையால் ஒரு கண் போயிற்று. பின்னர் மற்றொரு கண்ணும் போயிற்று. பொழுது போகட்டும் என்று தந்தை ஒரு சாஸ் வாங்கிக் கொடுத்தார். முதல் உலகப் போரில் ஊர் இளைஞர்கள் எல்லோரும் போர்முனைக்குப் போக, பார்வை இல்லாத இவர் மட்டும் ஊரில் மிஞ்சினார். போகாமல் இருந்தது இவருக்கு நிம்மதியைத் தரவில்லை, தனிமையையே தந்தது.

முதல் மனைவி வீட்டு வேலையாளோடு போய்விட்டார். அவர் போகப்போவது வெய்செலுக்குத் தெரியும் என்றும், வழியில் கஷ்டப்படக் கூடாதே என்று அவருடைய காலுறைக்குள் பணத்தை வைத்தார் என்றும் துருக்கியில் ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. உண்மையோ கற்பனையோ, மக்கள் தங்கள் பாடகனைப் பற்றி நம்ப விரும்பிய கதை இது.

1931இல் சிவாஸில் ஆசிரியராக இருந்த கவிஞர் அஹ்மெத் குத்சி தெஜெர் நாட்டுப்புறப் பாடகர்களுக்கு ஒரு விழா எடுத்தார். வெய்செல் வெளியுலகுக்குத் தெரிந்தது அதன் பிறகுதான். 1933இல் குடியரசின் பத்தாம் ஆண்டு விழாவுக்காக ஒரு பாடல் கட்டி, அதை அதாதுர்க்கிடம் நேரில் பாட வேண்டும் என்று ஒரு நண்பரோடு அங்காராவுக்கு நடந்தே போனார். போய்ச் சேர மூன்று மாதம் ஆயிற்று. அதாதுர்க்கைப் பார்க்க முடியவில்லை. பாடல் மட்டும் நாளிதழில் வெளியானது.

பிறகு கிராமப்புற ஆசிரியர்களை உருவாக்கிய கிராமக் கல்விக்கூடங்களில் சாஸ் கற்றுக்கொடுத்தார். 1965இல் துருக்கி நாடாளுமன்றம் இவருக்கு மாத உதவித்தொகை வழங்கத் தனிச் சட்டமே இயற்றியது. இவரது புகழ்பெற்ற "காரா தோப்ராக்" (கறுப்பு மண்) பாடல், மனிதர்கள் பலரை நம்பி ஏமாந்த ஒருவன், கடைசிவரை கைவிடாதது மண் ஒன்றே என்று கண்டுகொள்வதைப் பாடுகிறது. மனைவி விட்டுப்போன, முதல் குழந்தைகளை மண்ணுக்குக் கொடுத்த, தோட்டம் போட்டுப் பிழைத்த ஒருவர் பாடியது என்று தெரிந்தால் அந்த வேதாந்தம் வெறும் வேதாந்தமாகத் தோன்றாது. அவர் இறந்து 50 ஆண்டுகள் நிறைந்த 2023ஆம் ஆண்டை ஆஷிக் வெய்செல் ஆண்டாகத் துருக்கி கொண்டாடியது.

சேகரித்தவர்களும் விடுபட்டவையும்

இந்தப் பாடல்கள் காற்றோடு போகாமல் காப்பாற்றப்பட்டதில் பலருக்குப் பங்குண்டு. 1936 நவம்பரில் ஹங்கேரிய இசை மேதை பேலா பார்டோக், மெழுகு உருளைகளில் ஒலிப்பதிவு செய்யும் கருவியோடு அதானா பகுதிக்கு வந்தார். உடன் வந்தவர் துருக்கிய இசையமைப்பாளர் அத்னான் சாய்குன். முதியவர் ஒருவர் பாடிய மெட்டு பழைய ஹங்கேரிய மெட்டு ஒன்றை அப்படியே ஒத்திருப்பதைக் கேட்டு பார்டோக் வியந்துபோனார். ஆனால் பெண்களைப் பாடவைப்பது அவருக்கு மிகக் கடினமாக இருந்தது. அந்நிய ஆண்கள் முன் பாட அவர்கள் மறுத்தார்கள். ஒப்பாரியும் தாலாட்டும் மருதாணிப் பாட்டும் பெண்கள் கையில் இருக்க, பதிவானவை பெரும்பாலும் ஆண் குரல்களே.

அடுத்து முசாஃபர் சாரிசோசென் (1899-1963). 1937இலிருந்து 1950களின் தொடக்கம் வரை அங்காரா இசைக் கல்லூரி நடத்திய களப்பயணங்களில் ஏறத்தாழ 10,000 மெட்டுகள் சேகரிக்கப்பட்டன. அந்தப் பணியின் தூண் இவர். 1940களில் அங்காரா வானொலியில் "நாட்டின் குரல்கள்" என்ற நிகழ்ச்சியைத் தொடங்கி, ஒரு மூலையில் பாடப்பட்டதை நாடு முழுவதும் கேட்கவைத்தார். வானொலி இசைக்குறிப்புத் தாள்களில் பாடலைச் சேகரித்தவர் பெயர் இருக்கும். பாடிக் கொடுத்தவர் பெயரும் ஊரும் இருக்கும். பாடலை இயற்றியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் யாரும் இருக்கமாட்டார்கள்.

இதில் ஒரு குறையும் உண்டு. வானொலியில் ஒலித்தது துருக்கி மொழி மட்டுமே. குர்திய மக்களும் ஆர்மேனியரும் அதே மலைகளில், அதே மெட்டுகளில் தங்கள் மொழியில் பாடிவந்தார்கள். 1983இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் குர்திய மொழி வெளியீடுகளையே தடை செய்தது. அது 1991இல்தான் நீக்கப்பட்டது. "சாரி கெலின்" என்ற காதல் பாட்டு இந்தச் சிக்கலுக்கு நல்ல உதாரணம். துருக்கியில் அது "பொன்னிற மணப்பெண்". ஆர்மேனிய மொழியில் "சாரி" என்றால் மலை, எனவே அங்கே அது மலைநாட்டுப் பெண். அஸர்பைஜானிலும் அதே மெட்டு உண்டு. சேர முடியாத காதலைப் பாடும் அந்தப் பாட்டை மூன்று நாட்டாரும் எங்களுடையது என்கிறார்கள். சேர்ந்து வாழ முடியாத அண்டை வீட்டார் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள் என்பதே அதன் கதை.

ஜெர்மனிக்குப் போன ரயில்

1961 அக்டோபர் 30 அன்று மேற்கு ஜெர்மனியும் துருக்கியும் தொழிலாளர் ஒப்பந்தம் செய்துகொண்டன. இஸ்தான்புல்லில் பல்லிலிருந்து நுரையீரல் வரை மருத்துவச் சோதனை. தேறியவர்களை ஏற்றிக்கொண்டு ரயில்கள் மியூனிக் நிலையத்தின் 11ஆம் நடைமேடைக்குப் போய்ச் சேர்ந்தன. 1973 நவம்பரில் ஆள் எடுப்பது நிறுத்தப்படும் வரை லட்சக்கணக்கானோர் போனார்கள். பலர் மனைவியை, நிச்சயிக்கப்பட்ட பெண்ணை, குழந்தைகளை விட்டுத்தான் போனார்கள். குர்பெத் என்ற பழைய சொல்லுக்குப் புதிய முகவரி கிடைத்தது.

பழைய மெட்டில் புதிய பாடுபொருள் ஏறியது. பனிமலைக்குப் பதில் எல்லைச் சாவடி, துர்னா பறவைக்குப் பதில் கடிதமும் ஒலிநாடாவும், கொடுமைக்கார ஜமீன்தாருக்குப் பதில் தொழிற்சாலை மேற்பார்வையாளர். 1964இல் கொலோன் நகரில் "துர்க்குஓலா" என்ற இசைத்தட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. ஃபோர்டு ஆலையில் வேலை பார்த்த மெதின் துர்கோஸ் தொழிலாளியின் அன்றாடத்தைக் கேலியும் ஏக்கமும் கலந்து பாடினார். "கொலோனின் வானம்பாடி" எனப்பட்ட யுக்செல் ஓஸ்காசாப்பின் இசைத்தட்டுகள் பெருமளவில் விற்றன. ஜெர்மானியக் கடைகளில் இவை கிடைக்காது. காய்கறிக் கடைகளிலும் இறக்குமதிக் கடைகளிலும் விற்றன. ஜெம் காயா இயக்கி 2022இல் வெளியான ஆவணப்படம் இந்த வரலாற்றைச் சொல்கிறது. அதன் தலைப்பே "காதல், மார்க், மரணம்". மார்க் என்பது அன்றைய ஜெர்மன் பணம்.

அந்த நாட்டுக்குப் போனவர்களில் ஒருவர் நெஷெத் எர்தாஷ் (1938-2012). மத்திய அனடோலியாவின் கிர்ஷெஹிர் பகுதியைச் சேர்ந்தவர். கல்யாண வீடுகளில் வாசித்துப் பிழைத்த, சமூகத்தில் தாழ்வாக நடத்தப்பட்ட அப்தால் கலைஞர் சமூகத்தில் பிறந்தவர். தந்தை முஹர்ரெம் எர்தாஷ் போஸ்லாக் பாடுவதில் பெரும் புகழ் பெற்றவர். மகனின் காதல் திருமணத்தைத் தந்தை ஏற்கவில்லை. அந்த மனத்தாங்கல்கூடப் பாடலாகவே இருவருக்கும் இடையே போய்வந்தது. தன் பாடல்களின் கடைசிக் கண்ணியில் நெஷெத் வைத்துக்கொண்ட பெயர் "கரிப்".

1970களில் விரல்கள் செயலிழந்து வாசிக்க முடியாமல் போனபோது, சிகிச்சைக்காக ஜெர்மனி போனவர் அங்கேயே இருபது ஆண்டுகளுக்கு மேல் தங்கிவிட்டார். பலர் அவர் இறந்துவிட்டதாகவே நினைத்தார்கள். 2000ஆம் ஆண்டு இஸ்தான்புல்லில் அவர் மேடையேறியபோது மூன்று தலைமுறையினர் திரண்டு வந்தார்கள். "அரசுக் கலைஞர்" என்ற பட்டம் தர முன்வந்தபோது, எல்லோருமே இந்த நாட்டின் கலைஞர்கள்தான், தனக்கு மட்டும் தனிப் பட்டம் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். 2012 செப்டம்பர் 25 அன்று காலமானார். அவர் விருப்பப்படியே கிர்ஷெஹிரில் தந்தையின் காலடியில் அடக்கம் செய்யப்பட்டார். ஏழு ஆண்டு கழித்து வீடு திரும்பிய ஆஷிக் கரிப்பின் கதை, நெஷெத்தின் வாழ்க்கையில் மூன்று மடங்கு நீண்டுவிட்டது.

முடிவாக

2009இல் யுனெஸ்கோ ஆஷிக் மரபை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. பாடல்களுக்கு இனி மறதி பற்றிய பயம் குறைவு. அவற்றின் பொருள் மறந்துபோகும் ஆபத்துதான் அதிகம். "ஹே ஓன்பெஷ்லி"க்கு ஆடுபவர்களில் 1315 என்ற எண்ணை நினைப்பவர்கள் எத்தனை பேர்?

நாட்டுப்புறப் பாடலை வரலாற்றுச் சான்றாக எடுத்துக்கொள்வதில் எச்சரிக்கை தேவை. பாடல்கள் தேதி சொல்லாது. எண்ணிக்கை சொல்லாது. ஊர்ப் பெயரைக்கூட மாற்றிவிடும். ஒரே பாட்டுக்குப் பின்னால் நான்கு ஊர்களில் நான்கு கதைகள் இருக்கும். சாரிகாமிஷில் எத்தனை படைப்பிரிவுகள் இருந்தன, 1865இன் ஆணையில் என்ன எழுதியிருந்தது என்பவற்றுக்கு ஆவணக் காப்பகத்துக்குத்தான் போக வேண்டும்.

ஆனால் அந்த ஆவணங்களில் இல்லாத ஒருவர் எல்லாத் துர்க்கூக்களிலும் இருக்கிறார். அவர் பின்னால் விடப்பட்டவர். வாசலில் நின்று பாதையைப் பார்ப்பவர். ராணுவப் பதிவேட்டில் போனவன் பெயர் இருக்கும், காத்திருந்தவள் பெயர் இருக்காது. தொழிலாளர் ஒப்பந்தத்தில் கூலி இருக்கும், மகனைப் பார்க்காமல் செத்துப்போன தாய் இருக்கமாட்டாள். அவர்களுக்குக் கிடைத்த ஒரே ஏடு ஏழு அசையோ பதினோரு அசையோ கொண்ட ஒரு பாட்டு வரி. தங்கள் காலத்தின் கஷ்டத்தை அவர்கள் கஷ்டம் என்று எழுதிவைக்கவில்லை. யாரை அது தங்களிடமிருந்து பிரித்ததோ, அவரைப் பாடி வைத்தார்கள்.